உயரம் குறைந்த இளம் ஹாக்கி வீரர் தொழில்முறையில் நிலைக்க முடியுமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர் மாவட்டத்தில் குடமுருட்டிக்கும் வெண்ணாற்றுக்கும் இடைப்பட்ட ஊர்களின் பள்ளிகளில் 26 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். அந்த ஆண்டுகளில் ஹாக்கி மட்டையைக் கையில் எடுத்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்டது உயரத்தைப் பற்றித்தான். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லி வந்த பதில்களையும், பின்னாளில் திருத்திக்கொண்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

என் மகனுக்கு 14 வயது. உயரம் 147 செ.மீ. அணியிலேயே அவன்தான் குள்ளம். ஹாக்கியில் அவனுக்கு எதிர்காலம் உண்டா?

இந்தக் கேள்விக்கு உயரத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. 14 வயதில் ஒரு பையனின் உயரம் எவ்வளவு என்பதைவிட, அவன் வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் நிற்கிறான் என்பதே முக்கியம். ஆண்பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 13, 14 வயதை ஒட்டி வளர்ச்சியின் வேகம் உச்சத்தைத் தொடுகிறது. அதுவரை ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. வளர்ந்தவன் அந்த ஓராண்டில் ஒன்பது, பத்து செ.மீ. வளர்வான். சிலருக்கு அது 12 வயதிலேயே வந்துவிடுகிறது, சிலருக்கு 15, 16 ஆகிறது. முந்தியவனையும் பிந்தியவனையும் ஒரே நாளில் ஒரே கோட்டில் நிறுத்தி, இவன் தேறுவான், அவன் தேறமாட்டான் என்று சொல்வதில்தான் தவறு தொடங்குகிறது.

தேர்வு முகாம்களில் 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று சொல்லாதவர் இல்லை. நம் மண்ணில் பயிர் செய்கிறவர்களுக்கு அந்தப் பழமொழியின் எல்லையும் தெரியும். ஆடுதுறை 43 என்ற நெல் ரகம் சுமார் 110 நாளில் அறுவடைக்கு வரும்; சி.ஆர். 1009 நெல்லுக்கு 155 நாளுக்கு மேல் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் விதைத்துவிட்டு, முன்னது கதிர் வாங்கும் நாளில் பின்னதைப் பார்த்து இது விளையாது என்று எந்த விவசாயியும் வயலை உழுதுவிடுவதில்லை. பிள்ளைகள் விஷயத்தில் அதைத்தான் செய்கிறோம்.

நானும் செய்தேன். 13 வயதுப் பையன் ஒருவன், கால் வேகமும் பந்துக் கட்டுப்பாடும் இருந்தவன், பெரிய பையன்கள் இடித்துத் தள்ளிவிடுவார்கள் என்று எண்ணி மாவட்டப் பட்டியலில் அவன் பெயரைச் சேர்க்காமல் விட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்து அம்மாப்பேட்டையில் இருசக்கர வாகனப் பட்டறை ஒன்றில் அவனைப் பார்த்தபோது என்னைவிட உயரமாக இருந்தான். நான் பெயரை விட்ட மறு ஆண்டே மட்டையைக் கீழே வைத்துவிட்டதாகச் சொன்னான். அதன் பிறகு 16 வயதுக்கு உட்பட்ட யாரையும் உயரத்தைக் காரணம் காட்டி நான் நீக்கியதில்லை.

அவன் இன்னும் எவ்வளவு வளருவான் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

துல்லியமாக முடியாது, ஓரளவு கணிக்கலாம். ஆண்பிள்ளைக்குத் தாய், தந்தை உயரங்களைக் கூட்டி, அதோடு 13 செ.மீ. சேர்த்து, வரும் தொகையை இரண்டால் வகுக்க வேண்டும்; பெண்பிள்ளைக்கு 13 செ.மீ. கழித்துவிட்டு வகுக்க வேண்டும். தந்தை 165, தாய் 152 என்றால் மகனுக்கு 165 செ.மீ. வருகிறது. அதற்கு மேலும் கீழும் எட்டு செ.மீ. அளவுக்கு மாறுபடலாம் என்பதால், இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதைவிட எனக்கு உதவியது சுவரில் போடும் பென்சில் கோடுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில், செருப்பில்லாமல், குதிகால் சுவரைத் தொட நிற்க வைத்து, தலையில் அட்டையைப் படுக்கை வசமாக வைத்துக் கோடு போடுங்கள். மாலையில் அளந்தால் உயரம் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதால் எப்போதும் காலையிலேயே அளப்பது நல்லது. கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் கூடிக்கொண்டே போனால் வளர்ச்சி வேகம் எடுத்திருக்கிறது. கால்சட்டை குட்டையாகி, செருப்பு அளவு மாறி, ஓட்டத்தில் ஒரு தடுமாற்றம் தெரிந்தாலும் அதே அறிகுறிதான். ஐயம் தீராவிட்டால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணித்துச் சொல்வார்கள். பிறந்த வயது 14 ஆகவும் எலும்பு வயது 12 ஆகவும் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு இன்னும் வளரும் காலம் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

உயரமாக வளர்த்துவிடுவதாகச் சொல்லி விற்கும் மாவுகளுக்கும் மாத்திரைகளுக்கும் பணம் செலவழிக்க வேண்டாம்.

உயரத்தைப் பார்க்காவிட்டால், வேறு எதைப் பார்த்துத் தீர்மானிப்பது?

பந்து வந்து சேர்வதற்கு முந்தைய இரண்டு விநாடிகளைப் பாருங்கள். நான் கற்றுக்கொண்டதில் பயனுள்ளது இது ஒன்றுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு முறை பாபநாசம் பக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் இரண்டு பையன்களை அடுத்தடுத்து நிறுத்தி, 20 மீட்டர் தொலைவிலிருந்து வேறொருவனைப் பலமாகப் பந்தை அடித்து அவர்களுக்கு அனுப்பச் சொன்னேன். ஆட்டின் குளம்புத் தடங்கள் காய்ந்து இறுகிப்போன தரை அது. முதல் பையன் நெடுநெடுவென்று வளர்ந்தவன். பந்தையே பார்த்துக்கொண்டிருந்து, அழகாக நிறுத்தி, பிறகு தலையை நிமிர்த்தி யார் எங்கே நிற்கிறார்கள் என்று தேடினான். அதற்குள் எதிராளி அவன் முன்னே வந்து நின்றுவிட்டான். அடுத்தவன் அவன் தோளுக்குக்கூட வரமாட்டான். பந்து பாதி தூரம் வருவதற்குள் இரண்டு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தான். குளம்புத் தடத்தில் பட்டுத் துள்ளிய பந்தை மட்டையை முன்பக்கம் சாய்த்து அமுக்கி, நிறுத்தாமலே வலப்புறம் ஓர் அடி தள்ளிவிட்டான். எதிராளி வந்தபோது அங்கே பந்தும் இல்லை, பையனும் இல்லை.

14 வயதில் பெரிய உடல் உள்ளவன் தாமதமாக முடிவெடுத்தாலும் தப்பித்துக்கொள்வான்; பந்தை இழந்தாலும் நீண்ட காலால் எட்டிப் பிடித்து மீட்டுவிடுவான். 19 வயதில் எல்லோரும் வளர்ந்த பிறகு அந்த வசதி அவனுக்கு இருக்காது. சிறிய பையனோ தொடக்கத்திலிருந்தே முன்கூட்டிப் பார்க்கப் பழகினால்தான் களத்தில் நிற்க முடியும் என்பதால், அந்தப் பழக்கம் அவனோடு வளர்கிறது. ஆனால் குள்ளமான பிள்ளைகள் எல்லோரிடமும் இது இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. உயரமும் இல்லாமல், தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கமும் இல்லாமல், பந்தை வைத்துக்கொண்டு மட்டையைச் சுழற்றிக் கைதட்டல் வாங்குகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பற்றி நான் பெற்றோருக்கு நம்பிக்கை கொடுப்பதில்லை.

இன்னும் இரண்டைக் கவனிப்பேன். பந்தைப் பறிகொடுத்த அந்தக் கணத்திலேயே திரும்பி ஓடுகிறானா, இல்லை இடுப்பில் கைவைத்து நிற்கிறானா என்பது ஒன்று. ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில், களைத்த நிலையில், முதல் பத்து மீட்டர் ஓட்டம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது மற்றொன்று. சிறிய ஆட்டக்காரருக்கு நெடுந்தூர வேகத்தைவிட முதல் நான்கைந்து அடிகளின் பாய்ச்சலே மூலதனம். அது களைப்பில் காணாமல் போனால் அவரிடம் வேறு ஆயுதம் இருக்காது.

ஹாக்கி விதிகள் சிறிய உடலுக்குச் சாதகமா, பாதகமா?

பெரும்பாலும் சாதகம். உடலால் இடிப்பதும், பந்தை உடலாலோ மட்டையாலோ மறைத்து எதிராளியைத் தடுப்பதும் தவறு. ஆகவே பெரிய உடல் பந்துக்கு வேலியாக நிற்க விதி இடம் தருவதில்லை. எதிரணிக் கோலருகே முன்கூட்டியே போய் நின்று பந்தை வாங்குவதைத் தடுத்த ஆஃப்சைடு விதி 1990களின் பிற்பாதியில் நீக்கப்பட்ட பிறகு, இடைவெளிகளில் புகுந்து ஓடும் ஆட்டக்காரருக்குக் களம் அகன்றது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் தொடங்கி செயற்கைப் புல்தரை வந்ததும் பந்தின் வேகம் கூடியது; அந்த வேகத்தில் தாழ்ந்து குனிந்து ஆட வேண்டியிருக்கிறது, குனிவதற்குக் குட்டையான உடல் தடையில்லை. ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடக்கிறது, எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம். ஆறேழு நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்கும் ஆட்டம் இது.

பாதகமும் உண்டு. உயரத் தூக்கி அனுப்பும் பந்துகள் இப்போது மிகுதி. தோளுக்கு மேலும் மட்டையால் பந்தை ஆடலாம் என்று ஆனதிலிருந்து நீண்ட கை உள்ளவர்கள் அவற்றை முதலில் தொட்டுவிடுகிறார்கள். தரையில் மட்டையை நீட்டி மறிக்கும்போதும் கையின் நீளம் உதவுகிறது. நடுவர் பார்க்காத இடத்தில் தோளால் ஓர் உரசல் நடக்காத ஆட்டம் கிடையாது. அதைத் தாங்கி நிற்கத் தொடையிலும் இடுப்பிலும் வலு வேண்டும்.

எந்த இடத்தில் ஆட வைக்கலாம்?

முன்வரிசையில் நின்று தாக்கும் ஃபார்வர்டும் நடுக்களமும் பொருத்தம். கோல்கீப்பர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டால் மட்டும் தயங்குவேன்: கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர், வளர்ச்சி முடிந்த பிறகும் கை எட்டாத மூலைகளைக் கால் வேகத்தால் முழுமையாக ஈடுகட்டுவது கடினம். எதிரணி தன் கோலருகே தவறிழைத்தால் கிடைக்கும் பெனால்டி கார்னரில், பந்தை மட்டையோடு இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் அடிப்பவர்களுக்கும் நீண்ட கால், நீண்ட கை பெரிய உதவி. அதே பெனால்டி கார்னரில் எதிரணியின் பந்தை மறிக்க முதல் ஆளாகப் பாய்ந்து ஓடுவதற்கு வேகமும் துணிவும் போதும்; எனினும் முகக் கவசம், முழங்கால் கவசம் இல்லாமல் பயிற்சியில்கூட அதற்கு அனுப்பாதீர்கள்.

கனடாவில் இருக்கும் என் தம்பி, ஹாக்கியில் குள்ளமானவர்களை எடுக்கவே மாட்டார்கள் என்கிறான். உண்மையா?

உங்கள் தம்பி சொல்வது ஐஸ் ஹாக்கி. பனித்தளத்தில் சறுக்கியபடி, விதிக்கு உட்பட்டே எதிராளியை உடலால் மோதித் தள்ளும் ஆட்டம் அது; அங்கே உடல் எடைக்கு இருக்கும் மதிப்பு நம் ஹாக்கியில் இல்லை. அங்கேகூட அந்தக் கணிப்பு பலமுறை பொய்த்திருக்கிறது. மார்ட்டின் செயின்ட் லூயி என்பவர் ஐந்தடி எட்டு அங்குலம்தான். வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கிப் போட்டியான தேசிய ஹாக்கி லீக்கின் வருடாந்தர வீரர் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அவரே 2004இல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான விருதையும், அதே பருவத்தில் தம்பா பே அணியோடு ஸ்டான்லி கோப்பையையும் பெற்றார்.

நம் நாட்டில் அப்படி மேலே வந்தவர்கள் உண்டா?

தன்ராஜ் பிள்ளையை அறியாத ஹாக்கி ரசிகர் இல்லை. புனே அருகே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், மெலிந்த உடல், எதிராளிகள் திரும்புவதற்குள் கடந்துபோகும் கால்கள். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கினார். பெண்களில் ராணி ராம்பால். ஹரியானாவின் ஷாபாத் மார்க்கண்டாவில் வறிய குடும்பத்தில் பிறந்த அவர், சிறுமியாக இருந்தபோது ஊட்டச்சத்துக் குறைந்த உடல் என்று சொல்லிப் பயிற்சியில் சேர்க்க மறுத்ததைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 2010 உலகக் கோப்பையில் 15 வயதில் ஏழு கோல் அடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணிக்குத் தலைவரும் அவர்தான்.

இவர்களைக் காட்டி ஒரு பிள்ளைக்கு ஊக்கம் கொடுக்கலாம். வாக்குறுதி கொடுக்கக் கூடாது.

எதிரணிப் பையன்கள் சிலருக்கு மீசையே முளைத்திருக்கிறது. அவர்களோடு என் மகனை ஒப்பிடுவது நியாயமா?

நியாயம் இல்லை. சிலர் உண்மையிலேயே சீக்கிரம் பருவமடைந்தவர்கள், அவர்கள்மேல் குற்றமில்லை. வயதைக் குறைத்துக் காட்டிச் சான்றிதழ் வாங்கி ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது மைதானத்தில் நிற்கிற எல்லோருக்கும் தெரிந்த வேதனை. அதனால் பாதிக்கப்படுவது முதலில் உண்மை வயதில் ஆடும் சிறிய பிள்ளைதான். தோற்றுத் திரும்பும் பிள்ளையிடம் 'உன்னால் முடியவில்லை' என்று சொல்வதற்கு முன், அவன் யாரோடு ஆடினான் என்று கேளுங்கள். பதிலுக்கு நாமும் வயதைக் குறைப்போம் என்று மட்டும் எண்ணாதீர்கள். பிடிபட்டால் தடை, பிடிபடாவிட்டாலும் தன் வயதுக்காரர்களோடு ஆடிக் கற்க வேண்டியதை அந்தப் பிள்ளை கற்காமலே போய்விடுகிறான்.

என் மகளுக்கும் இதே அளவுகோல்தானா?

ஆட்டத்தைப் பார்க்கும் அளவுகோல் அதேதான்; காலக் கணக்கு மட்டும் வேறு. பெண்பிள்ளைகளுக்கு வளர்ச்சி உச்சம் சுமார் 12 வயதை ஒட்டி வருகிறது. பூப்பெய்திய பிறகு பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு செ.மீ. வரைதான் வளர்கிறார்கள். ஆகவே 15 வயதுப் பெண்ணின் உயரத்தை ஏறத்தாழ இறுதி உயரமாகவே கொள்ளலாம். அதனால் கவலைப்பட ஒன்றுமில்லை. நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளின் ஆட்டத்தைக் கெடுப்பது உயரத்தைவிட இரத்தசோகைதான். மூன்றாம் கால்பகுதியில் முகம் வெளிறி, மூச்சு வாங்கி, சோம்பேறி என்று திட்டு வாங்குகிற பெண்ணை முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

உணவும் உடற்பயிற்சியும் எப்படி இருக்க வேண்டும்?

காலை ஆறு மணிப் பயிற்சிக்கு வெறும் வயிற்றில், ஒரு டீயோடு வரும் பிள்ளைகள்தான் நம் ஊரில் அதிகம். ஒரு வாழைப்பழமோ, முந்தைய நாள் சோற்றில் மோர் விட்டுக் கரைத்ததோ போதும். ஏதாவது வயிற்றில் இருக்க வேண்டும். சம்பா அறுப்புக்குப் பின் நம் வயல்களிலேயே விளையும் உளுந்தும் பயறும், முட்டையும், கெண்டை மீனும், முருங்கைக் கீரையும் தினசரிச் சாப்பாட்டில் ஏதாவது ஒரு வகையில் சேரட்டும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதால், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும்.

பளு தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற அச்சம் தவறானது. கற்றுத் தருபவர் அருகில் இருந்து, அளவான எடையில், சரியான முறையில் செய்தால் வளரும் பிள்ளைக்கும் அது நன்மையே. வேகமாக வளரும் மாதங்களில் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால், அதைப் பொறுத்துக்கொண்டு ஓடச் சொல்லாமல் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து மருத்துவரைப் பாருங்கள்.

மட்டை அளவு முக்கியமா?

மிகவும் முக்கியம். பள்ளி அலமாரியில் இருப்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கான 36.5, 37 அங்குல மட்டைதான். அதைப் பிடித்த சிறிய பிள்ளை குனிந்தால் மட்டையின் முனை வயிற்றில் இடிக்கும். இடிபடாமல் இருக்க நிமிர்ந்து நின்று ஆடப் பழகுவான், பந்து காலடியை விட்டு விலகிப் போகும். ஆறேழு மாதம் 'இவனுக்கு டிரிப்பிளிங் வராது, பந்தை மட்டையோடு ஓட்டிப்போகத் தெரியாது' என்று நான் நினைத்த பையனுக்கு 34 அங்குல மட்டையை வாங்கிக் கொடுத்த வாரமே வந்துவிட்டது.

எங்கள் ஊரில் செயற்கைப் புல் மைதானம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மைதானமே குளமாகிவிடுகிறது. என்ன செய்வது?

மழை மாதங்களில் பள்ளித் தாழ்வாரத்தின் சிமெண்டுத் தரை போதும்: சுவரில் பந்தைத் தட்டி, திரும்பி வருவதற்குள் தோளுக்குப் பின்னால் ஒருவர் காட்டும் விரல்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுப் பந்தை வாங்க வேண்டும். ஆனால் 15, 16 வயதுக்குள் செயற்கைப் புல்லில் ஆடிப் பழகாதவர் மாநில முகாமில் திணறுவார். ஆகையால் அந்தப் பருவத்தில் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கலாம். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் கோவில்பட்டிக்குப் போய்ப் பயின்று, 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்.

தொழில்முறை என்றால் எவ்வளவு பேருக்கு இடம் இருக்கிறது?

குறைவு. 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக்கில் ஆண்களுக்கு எட்டு அணிகள், தமிழ்நாடு டிராகன்ஸ் அவற்றுள் ஒன்று. அந்த முதல் பருவத்தில் அணிக்கு 24 பேர், அவர்களில் 16 பேர் இந்தியர். அந்த 16இல் நால்வர் இளையோராக இருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. ஆக நாடு முழுவதற்கும் 128 இடங்கள்தான் இருந்தன. பெண்களுக்கு நான்கு அணிகள்தான். ஆகவே நம் நாட்டில் ஹாக்கியால் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் ரயில்வே, காவல்துறை, எண்ணெய் நிறுவனங்கள், வங்கிகள், ராணுவம் ஆகியவற்றின் அணிகளில் வேலையோடு ஆடுகிறவர்கள். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடும் உண்டு. அந்தப் பணிகளுக்குக் கல்வித் தகுதியும் வேண்டும் என்பதால், பயிற்சியின் பெயரால் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் கைவிடச் சொல்லும் எவர் பேச்சையும் கேட்காதீர்கள்.

இரண்டு தேர்வுகளில் 'உடம்பு போதாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறையும் அனுப்பலாமா?

திருப்பி அனுப்பியவரிடம் மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஐயா, இவன் நாளைக்கே பத்து செ.மீ. வளர்ந்துவிட்டால் எடுத்துக்கொள்வீர்களா?' ஆம் என்றால், ஆட்டத்தில் அவர் குறை காணவில்லை. அப்போது சுவர்க் கோடுகளைப் பார்த்து, இன்னும் வளர்கிறான் என்றால் தாராளமாக அனுப்புங்கள். தயங்கி, பந்தை வாங்குவதில் சிக்கல், திரும்பி ஓடுவதில்லை என்று அவர் வேறு எதையாவது சொன்னால், அந்தக் குறையை எழுதி வைத்துக்கொண்டு ஆறு மாதம் அதற்காக மட்டும் உழைக்கட்டும். 18 வயதாகி, வளர்ச்சி நின்று, அந்தக் குறையும் அப்படியே இருந்தால், கல்லூரி அணியில் மகிழ்ச்சியாக ஆடட்டும், படிப்பு முன்னே போகட்டும் என்று நான் சொல்வேன். பிள்ளையின் எதிரில், அவன் கண்ணைப் பார்த்தே சொல்வேன்.